வெட்டினால் விழுந்தே ஆகவேண்டுமா? பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர்

சதுரங்கத்தில் உங்கள் குதிரை என் சிப்பாயை வெட்டினால் சிப்பாய் போய்விட்டான், அவ்வளவுதான். அவன் எதிர்த்து நின்றிருப்பானா, குதிரை மிரண்டு திரும்பியிருக்குமா, நேற்றுப் பெய்த மழையில் அந்தக் கட்டம் சேறாகிக் கிடந்ததா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அது வேறு ஆட்டமாகிவிடும். இருநூறு வருஷத்துக்கும் முன்னால் ஜெர்மன் நாடுகளில் சிலர் கேட்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மினியேச்சர் வார்கேமிங் என்கிறோமே, சின்னச் சின்னச் சிப்பாய் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி ஆடும் பொழுதுபோக்கு, அது அங்கிருந்து வந்ததுதான்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் பெரிய மேசை, வழக்கமாக 6 அடிக்கு 4 அடி. அதன்மேல் பச்சை விரிப்பு, தெர்மோகோலைச் செதுக்கிச் செய்த குன்றுகள், அட்டை வீடுகள், ஓர் ஓடை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு படை. கட்டம் எதுவும் கிடையாது, டேப் வைத்து அங்குலக் கணக்கில் அளந்துதான் நகர்த்தவேண்டும். சுட்டது பட்டதா, மோதலில் யார் பின்வாங்கினார்கள் என்பதையெல்லாம் பகடை உருட்டி, விதிப்புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் போகும், அந்த மூன்று மணி நேரத்துக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பாய்க்கும் வண்ணம் பூசியிருப்பார்கள்.

கண்ணுக்கு முதலில் படுவது பொம்மைகள் என்பதால் இதைப் பொம்மை சேர்க்கும் பழக்கம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன நடந்தது என்பதை யார் தீர்மானிப்பது? ஆட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆடுகிறவரா, விதியா, பகடையா, பக்கத்தில் நிற்கும் நடுவரா? ஒவ்வொரு காலத்திலும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

1780-இல் பிரன்ஸ்விக் நகரில் யோஹான் கிறிஸ்டியான் லுட்விக் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கத்தை எடுத்து நீட்டினார். சதுரங்கம் என்ற பெயரே நான்கு அங்கங்கொண்ட படை என்றுதான் சொல்கிறது: யானை, தேர், குதிரை, காலாள். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் படை முகம் மாறி ராஜா, ராணி, பிஷப் என்று ஆகிவிட்டது. ஹெல்விக் அதைத் திரும்பவும் படையாக்கப் பார்த்தார். அவருடைய பலகையில் 49-க்கு 33 என்று மொத்தம் 1,617 கட்டங்கள். மலை, சதுப்பு, தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி எல்லாம் வந்தன. ஆனால் சதுரங்கத்தின் அடிப்படைக் குணம் மட்டும் மாறவில்லை, வெட்டினால் விழுந்தே ஆகவேண்டும்.

அதை உடைத்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ஓர் அப்பாவும் மகனும், ரைஸ்விட்ஸ் என்பது குடும்பப் பெயர். அப்பா 1812-இல் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் அரசருக்கு ஒரு மேசையைக் கொண்டுபோய்க் கொடுத்தார், துண்டு துண்டாக மாற்றி அடுக்கி வேண்டிய நிலப்பரப்பை உண்டாக்கிக்கொள்ளும்படி செய்தது. கட்டங்கள் ஒழிந்தன. பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824-இல் விதிகளைப் புத்தகமாகவே வெளியிட்டார். 1:8000 அளவிலான உண்மையான வரைபடம், சிவப்பிலும் நீலத்திலும் சின்ன ஈயக் கட்டிகள், ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் 2 நிமிடம். ஆடுகிறவர் தன் கையால் எதையும் நகர்த்தமுடியாது, கட்டளையைக் காகிதத்தில் எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். எதிரியின் கட்டிகளில் உங்கள் ஆட்களின் கண்ணுக்குத் தெரியக்கூடியவற்றை மட்டும்தான் நடுவர் வரைபடத்தில் வைப்பார். குன்றுக்குப் பின்னால் நிற்கும் குதிரைப்படை அவர் மனசில் மட்டும் இருக்கும். துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குப் பகடையும் இழப்புப் பட்டியலும்.

பகடை என்றதும் நமக்குச் சகுனி நினைவு வரும், சூது, நாடு போனது, காட்டுக்குப் போனது. ரைஸ்விட்ஸின் பகடைக்கு வேலை வேறு. தளபதிக்குத் தெரியாத, தெரிந்தாலும் அவர் கையில் இல்லாத அத்தனையையும் சேர்த்து அது ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறது: ஈரமான வெடிமருந்து, கண்ணைக் கூசவைக்கும் வெயில், ராத்திரி முழுக்க நடந்து வந்த களைப்பு. சராசரியாக இத்தனை பேர் விழுவார்கள் என்பது அனுபவத்தில் தெரியும், அந்தச் சராசரியைச் சுற்றி ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் விழும் என்பதும் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பகடை காட்டுகிறது.

படைத்தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெனரல் முஃப்ளிங்குக்கு இதை ஆடிக் காட்டினார்கள். முதலில் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை, ஆட்டம் போகப்போக நிமிர்ந்து உட்கார்ந்தார், கடைசியில் இது விளையாட்டே இல்லை, போர்ப்பயிற்சி என்கிற அளவுக்கு வந்துவிட்டார் என்று சொல்வார்கள். ரெஜிமென்ட் தோறும் இந்த ஆட்டத்தின் பெட்டி ஒன்று வைக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. இளைய ரைஸ்விட்ஸ் அதன் பலனைப் பார்க்கவில்லை, 1827-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1871-இல் பிரான்சைப் பிரஷ்யா தோற்கடித்த பிறகுதான் மற்ற நாட்டு ராணுவங்கள் இந்த ஆட்டத்தைத் தேடி வந்தன. அதற்குள் உள்ளூரிலேயே அலுப்பு வந்திருந்தது, பட்டியலைப் புரட்டிப் புரட்டி ஆட்டம் நத்தை மாதிரி நகர்கிறது என்று. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி பட்டியலும் வேண்டாம் பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் தன் அறிவால் தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். விதியா, மனிதரா என்ற இந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

இதுவரை சொன்னதில் பொம்மையே வரவில்லை, கவனித்திருப்பீர்கள். பொம்மை தனி வழியில் வந்துகொண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூரெம்பெர்க் பக்கம் ஹில்பெர்ட் போன்ற கைவினைஞர்கள் வெள்ளீயம் கலந்த உலோகத்தில் தகடு மாதிரி தட்டையான சிப்பாய்களை வார்த்தார்கள், அவை ஐரோப்பா முழுக்கக் குழந்தைகள் கைக்குப் போயின. 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஒரு புது வழி கண்டுபிடித்தது. உருகிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகிய கணத்தில் நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவது. உள்ளே வெற்றிடம், வெளியே முழு உருவம். உலோகச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, விலையும் இறங்கியது. 54 மி.மீ. உயரத்தில் சிப்பாய்கள் பட்டாளம் பட்டாளமாக வீட்டுக்குள் வந்தார்கள்.

அதற்கும் முன்பே, 1881-82 பனிக்காலத்தில், எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நுரையீரல் நோய்க்காகத் தங்கியிருந்தபோது, மனைவியின் மகனான லாய்ட் ஆஸ்போர்னோடு பரண் தரையில் சாக்பீஸால் மலையும் ஆறும் சாலையும் வரைந்து நூற்றுக்கணக்கான ஈயச் சிப்பாய்களை வைத்து வாரக்கணக்கில் போர் ஆடினார். அந்தக் கற்பனைப் போருக்குப் பத்திரிகைச் செய்திகள்கூட எழுதினார். மூச்சு வாங்கும் மனிதர் குளிரில் தரையில் குப்புறப் படுத்துப் படை நகர்த்துவதை நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பொழுதுபோக்கின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தில் பாதி அந்தக் காட்சியால் வந்தது.

அப்புறம் நாவலாசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ். இங்கிலாந்தின் தென்கரையில் சாண்ட்கேட் என்ற ஊரில் அவர் வீடு. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் கிடந்த பொம்மைப் பீரங்கியால் நண்பர் ஒருவர் பொம்மைச் சிப்பாயைக் குறிபார்த்துச் சுட்டு வீழ்த்த, அங்கிருந்து ஆரம்பித்ததாம். அந்தப் பீரங்கி பிரிட்டன் கம்பெனியுடையது, ஸ்பிரிங் வைத்தது, ஓர் அங்குல நீள மரத்துண்டைச் சுடும், குழாயை ஏற்றி இறக்கத் திருகாணியும் உண்டு. 1913-இல் வந்த ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகத்தில் வெல்ஸ் விதிகளை எழுதிவைத்தார். காலாள் ஒரு சுற்றுக்கு 1 அடி, குதிரை 2 அடி. பீரங்கியைச் சுடவேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் 6 அங்குலத்துக்குள் 4 பேராவது இருக்கவேண்டும். சிப்பாய்களின் துப்பாக்கிகளுக்கு வேலையே இல்லை. யோசிக்க அதிக நேரம் கிடையாது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் கேள்விக்கு வெல்ஸ் கொடுத்த பதில் அதுவரை யாரும் தராதது: தீர்மானிப்பது உங்கள் கைதான். பட்டால் விழுந்தான், படாவிட்டால் நிற்கிறான். பகடை இல்லை, நடுவர் இல்லை, வாதமும் இல்லை. ஒரு பையன் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளக்கூடிய தீர்ப்பு. அழகான பதில் என்றே நினைக்கிறேன், ஆனால் அதில் சோதிக்கப்படுவது தளபதியின் புத்தி அல்ல, குறிபார்க்கும் திறமை. கஷ்டப்பட்டு வண்ணம் பூசிய பொம்மையை மரத்துண்டால் அடித்துத் தள்ளவும் பின்னால் வந்தவர்களுக்கு மனசு வரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் கலிபோர்னியாவுக்கும் போகிறது. கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி பொம்மை வார்த்தார், 1957-இல் ‘வார் கேம் டைஜஸ்ட்’ என்ற சிறுபத்திரிகை தொடங்கினார். சவுத்தாம்ப்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், போரில் டாங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவர், 1962-இல் ஒரு புத்தகம் எழுதினார். சாதாரண ஆள் படித்துவிட்டு அந்த வாரமே ஆடக்கூடிய மாதிரி எழுதப்பட்ட புத்தகம் அது. நேரமும் வாய்ப்பாக அமைந்தது, 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி குட்டிப் பிளாஸ்டிக் சிப்பாய்களை ஒரு பெட்டிக்கு 40-க்கும் மேல் போட்டு, பையன்களின் கைச்செலவுக் காசுக்கு எட்டும் விலையில் விற்றுக்கொண்டிருந்தது. பிரிட்டனில் ஒரு தலைமுறையே அந்தப் பெட்டிகளால்தான் உள்ளே வந்தது.

பகடை திரும்ப வந்தது, கூடவே ஒரு புதுப் புரிதலும் வந்தது. போர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று தெரிகிறது, படைகள் கடைசி ஆள் சாகும்வரை நின்று தோற்பதில்லை, பத்தில் ஒருவரோ இருவரோ விழுந்ததுமே மீதிப்பேர் திரும்பி ஓடித்தான் தோற்கிறார்கள். ஆகவே எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட மீதிப்பேர் நிற்பார்களா என்பதுதான் பெரிய கேள்வி. இதற்கு மொரால் சோதனை என்று பெயர், படையின் மனத்திடத்தைப் பகடையால் கேட்பது. இரண்டு பகடை உருட்டி 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிற்கிறார்கள் என்று வையுங்கள், 36-இல் 21 தடவை நிற்பார்கள். பக்கத்தில் தளபதியே வந்து நின்றால் 9 வரை ஏற்றுக்கொள்ளலாம் என்று விதி இருந்தால் 36-இல் 30. தளபதியை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமாக விடை சொல்லும் ஆட்டம் எனக்குத் தெரியவில்லை.

1969-இல் ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் பழங்காலப் போர்களுக்கு விதிகள் எழுத ஆரம்பித்தார்கள். கவசம் எது, ஆயுதம் எது, களைப்பு எவ்வளவு என்று காரணிகளைக் கூட்டிக் கழித்துப் பட்டியல்கள் பெருகின, ரைஸ்விட்ஸ் காலத்து அலுப்பு மறுபடி வந்தது. அதே பார்க்கர்தான் 1990-இல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு டிபிஏ என்ற சின்னஞ்சிறு விதித்தொகுப்பை எழுதினார். ஒரு பக்கத்துக்கு 12 துண்டுகள், அதாவது 12 அட்டைகளில் ஒட்டிய பொம்மைகள். 2 அடிச் சதுர மேசை போதும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மோதலுக்கு ஆளுக்கொரு பகடை, அதோடு தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளவேண்டும். உங்கள் பலம் 5, என் பலம் 3 என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட அதிகம் வந்தால் நான் பின்னால் தள்ளப்படுகிறேன், இரண்டு மடங்கு வந்தால் அழிகிறேன். உட்கார்ந்து எண்ணினால் 36-இல் 26 தடவை நீங்கள் ஜெயிக்கிறீர்கள், அதில் 6 தடவை மட்டும் நான் அடியோடு போகிறேன், 4 தடவை சமம், 6 தடவை பலவீனமான நான் உங்களைத் தள்ளிவிடுகிறேன். இரண்டே பகடை, ஆனால் தள்ளுமுள்ளு, திடீர்ச் சரிவு, எதிர்பாராத எதிர்ப்பு எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன.

அதைவிட முக்கியம் இன்னொரு பகடை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை உருட்டவேண்டும், 2 வந்தால் இரண்டு குழுக்களை மட்டும்தான் நகர்த்தலாம். மேலே நின்று எல்லாவற்றையும் பார்க்கும் நீங்கள் நினைத்ததெல்லாம் கீழே நடக்காது. வேறு பல விதித்தொகுப்புகளும் இந்தக் கட்டுப்பாட்டைச் சீட்டு எடுத்தோ கட்டளைப் பகடை உருட்டியோ கொண்டுவருகின்றன. மேசையில் ஆடுகிறவரின் பெரிய குறையே அவர் கண்ணுக்கு எல்லாம் தெரிவது, அவர் சொன்னதை எல்லாரும் கேட்பது. நல்ல விதிகள் இந்த இரண்டில் ஒன்றையாவது பிடுங்கிக்கொள்கின்றன.

பார்வையைப் பிடுங்குவதற்கு எனக்குத் தெரிந்து சிறந்த உதாரணம் பொழுதுபோக்கில் இல்லை, 1942-இல் லிவர்பூலில் இருக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த சமயம், கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் ஒரு கட்டடத்தின் தரையையே கடலாக்கி, கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்களோடு அந்தப் போர்களை மறுபடி ஆடிப் பார்த்தார். காவல்கப்பல் அதிகாரியாக ஆடுகிறவர் கித்தான் திரைக்குப் பின்னால் நின்று சின்னத் துளை வழியாக மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கிகள் வெளியே இருந்து சுடவில்லை, இரவில் பின்பக்கமாக வந்து கப்பல் கூட்டத்துக்கு உள்ளேயே நுழைந்து சுடுகின்றன என்பது அந்தத் தரையில் ஆடித்தான் தெளிவாயிற்று, அதற்கு எதிர்த் தந்திரமும் அங்கேயே உருவானது.

பணம் எங்கே போனது என்று கேட்டால், கற்பனை உலகங்களுக்கு. அமெரிக்காவில் 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகளின் பின்னிணைப்பில் டிராகனும் மந்திரவாதியும் இருந்தார்கள், அதிலிருந்து 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் பிறந்தது. பிரிட்டனில் 1975-இல் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1983-இல் ‘வார்ஹாமர்’, 1987-இல் ‘வார்ஹாமர் 40,000’ என்று வெளியிட்டது. பொம்மை, விதி, கதை, கடை எல்லாம் ஒரே கையில். நாட்டிங்ஹாமில் இருந்து நடக்கும் அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. இன்றைக்கு உலகத்தில் வார்கேமிங் என்றதும் பெரும்பாலானவர்கள் நினைப்பது வார்ஹாமரைத்தான். எனக்கு வரலாற்றுப் போர்கள்மேல்தான் நாட்டம், அதனால் இதோடு நகர்கிறேன்.

வண்ணம் பூசுவதைக் கிட்டத்தில் காட்டவேண்டும். இப்போது புழக்கத்தில் அதிகம் இருப்பது 28 மி.மீ. பொம்மை, கட்டைவிரலின் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது, தலை ஒரு மிளகளவு. அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்கவேண்டும், விட்டுவிட்டால் வண்ணம் பூசிய பிறகு அதுதான் துருத்திக்கொண்டு தெரியும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து பிரைமர், அதாவது வண்ணம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு. சென்னை மாதிரி ஊரில் மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் ஈரக்காற்றில் அது மாவு தூவினாற்போல் சொரசொரவென்று படிந்து மூக்கும் வாயும் மறைந்துவிடும். 20 பொம்மைகள் எனக்கு அப்படிப் போன பிறகு தூரிகையால் தடவும் பிரைமருக்கு மாறிவிட்டேன். அக்ரிலிக் வண்ணமும் நம் வெயிலில் தட்டிலேயே காய்ந்துபோகும், அதற்குத் தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூவைப் பரப்பி மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் வண்ணத்தை வைத்துக்கொண்டால் சாயங்காலம் வரை தாங்கும். அடிப்படை நிறம் காய்ந்ததும் வாஷ், தண்ணீராக நீர்த்த பழுப்பு மை. அது மடிப்புகளில் தானே ஓடித் தங்கும், அதுவரை தட்டையாக இருந்த சட்டைக்குச் சட்டென்று நிழல் வந்துவிடும். அந்தக் கணத்துக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

பொம்மையின் அளவும் நிலத்தின் அளவும் ஒத்துப்போகாது, இதைப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு பொம்மை சுமார் 20 பேருக்குச் சமம், 600 பேர் பட்டாளத்துக்கு 30 பொம்மை. நிலத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒரு கஜமாக வைத்தால் 28 மி.மீ. பொம்மை பனைமர உயரத்துக்கு நிற்பான். இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பொம்மை கண்ணுக்கு, கணக்கு அதன் காலடியில் இருக்கும் அட்டைக்கு.

போரை விளையாடலாமா என்பது நியாயமான கேள்வி, அதிலும் போரைக் கண்ணால் பார்த்தவர்களும், வீட்டில் ஆள் இழந்தவர்களும் வாசிக்கும் மொழியில் எழுதும்போது இதைத் தாண்டிப் போகக்கூடாது. வெல்ஸ் தன் புத்தகத்தின் முடிவில், இந்தச் சின்ன ஆட்டத்தை மூன்று நான்கு தடவை ஆடினாலே பெரிய போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று புரியும் என்கிற கருத்தை வைத்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. ஃபெதர்ஸ்டோன் போரில் இருந்து திரும்பியவர், ஆடினார். என் வரம்பு வேறு, உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நினைவாக இருக்கும் போரை நான் மேசையில் வைப்பதில்லை.

நான் வைப்பது வந்தவாசி. 1760 ஜனவரி 22, கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியும், அதை மீட்க வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய போர். பள்ளிப் புத்தகத்தில் இது ஒரே வரி, ஆங்கிலேயர் வென்றனர், தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கம் முடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அன்றைக்கு நடந்ததெல்லாம் இந்தக் கட்டுரையில் நான் கேட்டுவரும் கேள்வியாகவே இருக்கிறது. லாலி தன் ஐரோப்பியக் குதிரைப்படையைப் பாயச் சொன்னார், அவர்கள் அசையவில்லை. படைத்தலைவரை மாற்றி, தானே முன்னால் நின்ற பிறகுதான் கிளம்பினார்கள், அதற்குள் கூட்டின் பீரங்கிகள் தயாராகி அவர்களைக் கலைத்துவிட்டன. பிரெஞ்சுக்காரர்களின் லொரேன் ரெஜிமென்ட் நெருக்கமான அணியாகக் கூட்டின் வரிசையை நோக்கி ஓடிவந்து முட்டி உடைந்தது. இடப்பக்கம் ஒரு குளத்தின் கரையைக் காப்பாக வைத்து நின்றிருந்த பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டிமேல் ஒரு குண்டு விழ, வண்டி வெடித்து 80 பேர் வரை செத்தும் காயப்பட்டும் கிடந்தார்கள், மீதிப்பேர் கரையை விட்டு ஓடினார்கள். இன்னொரு பிரெஞ்சுத் தளபதியான புஸ்ஸி நிலைமையைச் சமாளிக்கப் போய்ப் பிடிபட்டார். லாலிக்குத் துணையாக வந்த மொராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது.

இதைச் சதுரங்கத்தில் ஆடமுடியாது, சொன்ன பேச்சைக் கேட்காத குதிரை அதில் இல்லை. என் மேசையில் லாலியின் குதிரைப்படைக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பகடை, மொத்தம் 7-க்குக் குறையாமல் வந்தால்தான் கிளம்பும், லாலியின் பொம்மையே பக்கத்தில் போய் நின்றால் 5 போதும். ஆனால் அவரை அங்கே அனுப்பினால் லொரேனுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். குளக்கரையில் குண்டு பட்டு, பட்டதற்கான பகடை இரண்டிலும் 1 விழுந்தால் வண்டி வெடிக்கும். மராத்தியர்களுக்கு 12 வரவேண்டும், 36-இல் ஒன்று, 8 சுற்று ஆட்டத்தில் கணக்குப் பார்த்தால் ஐந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை வருவார்கள்.

போன மாதம் தம்பியோடு ஆடினேன், அவன் லாலி. முதல் சுற்றிலேயே 9 உருட்டிக் குதிரைப்படையைக் கிளப்பிவிட்டான், என் பீரங்கிகள் இன்னும் திரும்பக்கூட இல்லை. இடப்பக்கம் இரண்டு பட்டாளம் கலைந்து மேசை விளிம்புக்குப் போயின. குளக்கரை வண்டி கடைசிவரை வெடிக்கவில்லை. லொரேனை மட்டும் எப்படியோ நிறுத்தினேன், 10 பகடையில் 8 பட்டது, அணி அப்படியே நின்று திரும்பியது. ஆறாவது சுற்றில் மராத்தியர்களுக்காகத் தம்பி சும்மா உருட்டின மாதிரி உருட்டினான். இரண்டிலும் ஆறு. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் அவன் அலமாரியில் இருந்து அந்தக் குதிரைகளை எடுத்து வந்தான், ஆடி ஆடி ஒரு தடவைகூட வராததால் நான் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த 12 குதிரைகள், வண்ணம் எதுவும் இல்லாமல் சாம்பல் நிறப் பிரைமரோடு மேசையில் ஏறி என் வலப்பக்கம் வந்து நின்றன.